மாசி வெயிலும் சித்திரை மழையும்

வசந்தம் என்ற சொல்லைக் கேட்டவுடன் மாந்தளிரும் குயிலின் குரலும் தென்றலும் நம் மனத்தில் எழுவது பரம்பரையாக வந்த வழக்கமேயாயினும், கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ பிறந்து வளர்ந்த ஒருவரை நிறுத்தி, உங்கள் ஊரில் வசந்த ருது எந்த மாதம் வருகிறது என்று கேட்டால், அவர் சற்றுத் திகைத்துத்தான் போவார். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய மூன்று பாகையில் கிடக்கும் இந்தப் பள்ளத்தாக்கில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் அரைமணி நேரம்கூட இல்லை. தையிலும் ஆடியிலும் நண்பகல் உஷ்ணம் ஒன்றேதான். மார்கழிப் பனியைப் பற்றிப் பாட்டி சொன்ன கதை இங்கே கதையாகவே நின்றுவிட்டது. ஆறு ருதுக்களையும் பெட்டியில் வைத்துக் கப்பலேறி வந்த நம் முன்னோர், அவற்றில் எதையும் இந்த மண்ணில் இறக்கி வைக்க இடம் கிடைக்காமல், பஞ்சாங்கத்தில் மட்டும் பத்திரப்படுத்திக்கொண்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஆனால் வீட்டு முன்புறத்தில் நாலு தொட்டியும் ஒரு பாத்தியும் வைத்துப் பல வருஷங்களாக மண்ணைக் கிளறி வருகிற என் அபிப்பிராயம் வேறு. வசந்தம் இங்கே உண்டு. சூரியன் கொண்டுவராமல் மழை கொண்டுவருகிறது என்பதுதான் விசேஷம். இன்னும் சரியாகச் சொல்வதானால், மழை வராமலிருந்து, பிறகு வருவதால் உண்டாகிற வசந்தம் அது.

சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சுமார் 1,400 மில்லிமீட்டர் என்றால், கோலாலம்பூரில் சுமார் 2,500 மில்லிமீட்டர். அதுவும் வருஷம் முழுவதும் சமமாகப் பரவியிருப்பதாகத் தோன்றுகிறதே ஒழிய உண்மையில் அப்படியன்று. அக்டோபர், நவம்பரில் ஓர் உச்சம், ஏப்ரல், மே மாதங்களில் இன்னோர் உச்சம். இவற்றின் இடையே, தைப்பூசத்தை ஒட்டித் தொடங்கி மாசி முழுவதும் நீளும் ஒரு வறட்சியும், ஆனி ஆடியில் இன்னொரு வறட்சியும். மாசியில் வானம் வெளுத்து, புல் மஞ்சளாகி, காற்றில் தூசு மிதக்கும். மார்ச் மாத இறுதியில், அதாவது பங்குனி உத்திரத்தை ஒட்டிய நாட்களில், நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து நின்று, விளக்குக் கம்பத்தின் நிழலைக்கூட அதன் காலடியிலேயே சுருட்டிவிடும். அதன் பிறகு ஒரு நாள் பிற்பகல் நாலு மணிக்கு மேற்கே கறுத்து, இடியோடு இறங்கும் அந்த முதல் பெருமழைதான் நம் வசந்தத்தின் தொடக்கம்.

இதை நகரத்தில் வாழ்பவர்களைவிடத் தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்கள் நன்றாக அறிவார்கள். மலாயாவில் தமிழன் கண்ணால் கண்ட ஒரே இலையுதிர் காலம் ரப்பர்க் காட்டில்தான் நிகழ்ந்தது. பிரேசிலிலிருந்து 1876-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட விதைகளின் வழித்தோன்றல்களான அம்மரங்கள், வறட்சி தொடங்கியவுடன் இலைகளைச் சிவக்கவிட்டு மொட்டையாக உதிர்த்து நிற்கும். சில வாரங்களில் செம்புநிறத் தளிர் முழுக் காட்டையும் போர்த்துவிடும். பார்க்கப் பரம சுந்தரமான அந்தக் காட்சி, பால்மரம் வெட்டுகிறவனுக்கு அவ்வளவு சுகமான காலமன்று. இலை உதிர்ந்த மரத்தில் பால் குறையும், பாலின் எடை குறைந்தால் கூலியும் குறையும். லயத்து வீட்டுக்குப் பின்னால் இருந்த கீரைப்பாத்தியும் மரவள்ளிக் கிழங்கும் அந்த மாதங்களில் வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது.

கிள்ளானில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீட்டின் தரைத்தளத்தில் வசிக்கும் ஒரு பாட்டி, இளமையில் அப்பகுதித் தோட்டமொன்றில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். அடுக்குமாடிச் சுவருக்கும் வாகன நிறுத்தத்துக்கும் இடையே கிடந்த ஆறடி மண்ணில், முருங்கை, கறிவேப்பிலை, தவசிக்கீரை, ரம்பை, செராய், ஒரு வாழை என்று ஒரு சிறு ராஜ்யமே நடத்தி வருகிறார். நான் ஒரு மாசி மாதத்தில் அவரைக் காணச் சென்றபோது, என் வீட்டு லீமாவ் கஸ்தூரி மூன்று வருஷமாகப் பூக்கவில்லை, காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் பயனில்லை என்று குறைப்பட்டுக்கொண்டேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "மாசியில எதுக்கு தம்பி தண்ணி ஊத்துறீங்க? அது கொஞ்சம் வாடட்டும். வயிறு காஞ்சாத்தான் மரத்துக்குப் பிள்ளை ஞாபகம் வரும்" என்றார்.

பாட்டி பேச்சுவாக்கில் சொன்னதைத் தாவர சாஸ்திரமும் ஏறக்குறைய அவ்வாறே சொல்கிறது. தண்ணீரும் உஷ்ணமும் குறைவில்லாமல் கிடைக்கும் வரையில், எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த மரமோ, ரம்புத்தானோ, டுரியானோ, மாமரமோ இலை விடுவதிலேயே திருப்தியடைந்திருக்கும். வேருக்கு நீர் குன்றியவுடன் புதுத் தளிர் நிற்கிறது, இலைகள் சேர்த்து வைத்த மாவுச்சத்து கிளைகளில் தங்குகிறது, நுனியில் உறங்கும் மொட்டு இலையாக விரிவதை விடுத்துப் பூவாக மாறத் துணிகிறது. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து வானம் பொய்த்தால் போதும். ரம்புத்தானுக்கு அது ஒரு மாதமாக நீடித்தால் இன்னும் விசேஷம். பின்னர் மழை வந்ததும் பூத்தலும் காய்த்தலும் மளமளவென்று நடந்தேறும். குளிர்நாடுகளில் பனி உருகுதல் செய்கிற காரியத்தை நம் ஊரில் தாகம் தீர்தல் செய்கிறது.

ஆகையால் மண்ணில் ஊன்றிய பழமரம் வைத்திருப்பவர்கள் தை பிறந்தது முதல் அதன் அடியில் குழாயைத் திறக்காமலிருப்பதே அதற்குச் செய்யும் பெரிய உபகாரம். தொட்டிச் செடியின் விஷயம் வேறு. அதற்கு மூன்று வாரம் பட்டினி போட்டால் பூவுக்குப் பதிலாகச் சருகுதான் கிட்டும். இலை லேசாகத் துவண்டு தொங்கும் வரை பொறுத்து, பிறகு நனைத்து, மீண்டும் பொறுத்து, இப்படி ஒரு மாதம் நடத்தினால் போதும். என் லீமாவ் கஸ்தூரி அடுத்த வருஷம் இந்த வைத்தியத்துக்கு இணங்கியது. பங்குனி முதல் மழைக்குப் பத்துப் பன்னிரண்டு நாட்களில் அதன் கிளையெங்கும் வெண்மொக்கு. கெலுலுட் என்கிற கொடுக்கில்லாச் சிறு தேனீக்கள் எங்கிருந்தோ வாசனை பிடித்து வந்து சேர்ந்தன.

மழைக்கும் பூவுக்கும் உள்ள இந்த ரகசிய சம்பாஷணையை நகரத்தின் சாலையோரங்களிலேயே காணலாம். தெக்கோமா என்று நாம் அழைக்கும் மரங்கள் வறட்சியின் முடிவில் இலையெல்லாம் உதிர்த்து இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்க, இளைஞர்கள் அதை மலேசியச் சகுரா என்று பெயரிட்டுக் கைப்பேசியில் படமெடுக்கிறார்கள். புறா ஆர்க்கிட் எனப்படும் வெள்ளைப் பூவின் கணக்கு இன்னும் ஆச்சரியமானது: திடீரென்று ஒரு புயல்மழை காற்றைச் சில பாகை குளிரச் செய்தால், அதிலிருந்து ஒன்பதாம் நாள், மழைமரக் கிளைகளில் ஒட்டி வாழும் அந்தச் செடிகள் அனைத்தும் ஊரெங்கும் ஒரே காலையில் பூத்து, அன்று மாலையே வாடிவிடுகின்றன.

மாமரத்தைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. தமிழன் குடியேறிய இடமெல்லாம் மாங்கொட்டையைப் புதைத்துவிடுவான். ஆனால் இப்பள்ளத்தாக்கின் மாசி, மாமரத்தைப் பூக்கச் செய்யப் போதுமானதே தவிர, பூத்ததைக் காப்பாற்றப் போதுமானதன்று. பூங்கொத்து விரிந்திருக்கும்போது மழை தொட்டால் பூசணம் படர்ந்து அது கரிந்து கொட்டிவிடும். வடகோடியில் உள்ள பெர்லிஸ் மாநிலத்தில் வறட்சி தெளிவாகவும் நீளமாகவும் இருப்பதனால்தான் ஹருமானிஸ் மாம்பழம் அங்கே பெயர் பெற்றிருக்கிறது. கோலாலம்பூரில் அடர்ந்த நிழலும் கோயில் தோரணத்துக்குத் தழையும் தருகிற மாமரத்தை, பழம் தரவில்லை என்று வைவது நியாயமில்லை.

டுரியான் விஷயத்தில் நமக்கு ஒரு தனி உறவு இருக்கிறது. அதன் பூ பிற்பகலில் விரியத் தொடங்கி, இரவோடு இரவாகக் கேசரங்களை உதிர்த்துவிடும். ஆகவே பகலில் வரும் தேனீயை நம்பி அது பிழைக்க முடியாது. இரவில் வந்து மகரந்தத்தை மரத்துக்கு மரம் சேர்ப்பது குகைகளில் வாழும் தேனுண்ணும் வௌவால். அதன் பெருங்கூட்டமொன்று வாழ்ந்த இடமாக ஆய்வாளர்கள் குறித்தது, நாம் காவடியெடுத்து ஏறும் பத்துமலைக் குன்றையே. டுரியான் பூ இல்லாத மாதங்களில் அவை என்ன உண்கின்றன என்று 1970-களில் ஆராய்ந்தபோது, முப்பது கிலோமீட்டருக்கும் மேலாகப் பறந்து, கடற்கரை அலையாத்திக் காடுகளில் ஆண்டு முழுவதும் பூக்கும் பெரெம்பாங் இன மரங்களுக்கு அவை போய் வருவது தெரியவந்தது. கடலோரச் சேற்றில் நிற்கும் ஒரு மரம் வெட்டுண்டால், மலையடிவாரத்தில் யாரோ ஒருவருடைய கம்போங் வீட்டுக் கொல்லையில் டுரியான் காய் குறையக்கூடும் என்பது, இயற்கை கணக்கெழுதும் விதத்துக்கு ஓர் உதாரணம். மாசி பங்குனியில் பூத்தது மூன்று நான்கு மாதத்தில் பழமாகி, ஜூன் முதல் சாலையோரக் கடைகளுக்கு வந்து சேரும்.

காய்கறிகளுக்கு இந்தத் தாகத் தத்துவம் பொருந்தாது. அவை ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளைப் போல அன்றாடம் உண்டு அன்றாடம் வளர்பவை. பங்குனியில் முதல் மழை பெய்து மண் இளகியவுடன் விதைப்பதே உத்தமம். வெண்டை விதையை ஓரிரவு ஊறவைத்து ஊன்றினால் நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் காய் பறிக்கலாம். பூத்த ஐந்தாம் நாளுக்குள் பறிக்காவிட்டால் அது நாராகி, சாம்பாரில் விறகுக் குச்சியாக மிதக்கும். பயற்றங்காய்க்கும் ஏறக்குறைய அதே காலம். முளைக்கீரையும் கங்குங்கும் இருபத்தைந்து முப்பது நாளில் கைக்கு வரும். ஆனால் இங்கே மழைத்துளி கல் எறிவது போல் விழுவதால், இளநாற்றின் மேல் ஒரு நிழல்வலை கட்டுவது அவசியம். பாகற்காயும் புடலையும் கொடியேறிப் பூத்துப் பிஞ்சு விட்டவுடன், பழ ஈ வந்து முட்டையிடுவதற்கு முன்பே காகிதக் குழாயால் உறையிட்டுவிட வேண்டும். என் தகப்பனார் காலத்தில் பாகற்பிஞ்சுகள் யாவும் தமிழ் நேசனைத்தான் உடுத்திக்கொண்டிருந்தன. 1924-இல் பிறந்த அந்தப் பத்திரிகை 2019-இல் நின்றுபோனதிலிருந்து, என் தோட்டத்துப் பாகற்காய்கள் வேறு பத்திரிகைக்கு மாறியிருக்கின்றன.

தக்காளியைக் குறித்து நான் யாருக்கும் உற்சாகமூட்டுவதில்லை. இரவிலும் இருபத்துமூன்று பாகைக்குக் கீழே அதிகம் இறங்காத நம் சமவெளியில் அதன் பூ காய் பிடிக்காமல் உதிர்வது பாதி. மீதியை மண்ணிலுள்ள வாடல் நோய்க் கிருமி கவனித்துக்கொள்ளும். காலையில் செழித்திருந்த செடி மாலையில் வெந்நீர் ஊற்றியதுபோல் சாய்ந்திருப்பதைக் கண்டவர்கள் இதை நம்புவார்கள். கேமரன் மலை அதற்காகவே இருக்கிறது. கத்தரிக்கு மட்டும் தப்பும் வழி உண்டு: நோயை எதிர்த்து நிற்கும் சுண்டைச் செடியின் அடித்தண்டில் கத்தரியை ஒட்டுக்கட்டினால், சில வருஷங்கள்கூட அது நின்று காய்க்கும்.

இனி மண். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே அதன் மண்ணுக்கு ஒரு சாட்சிப் பத்திரம். 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து, மரமும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த கோலாலம்பூரை அழித்த பிறகு, ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் செங்கல்லும் ஓடும் கொண்டு ஊரைத் திரும்பக் கட்ட ஆணையிட, அதற்குச் செங்கல் சுட்டுக் கொடுத்த களிமண் பூமி அது. செங்கல்லுக்கு உகந்த மண் செடிக்கு உகந்ததாக இருக்க வேண்டுமென்பதில்லை. மழையில் பசையாகவும் வெயிலில் செங்கல்லாகவும் ஆகிற அந்த மண்ணில் இலைமக்கும் மணலும் கலக்காமல் எதையும் நடுவது வீண் பிரயத்தனம். லம்பம் எனப்படும் பழைய ஈயச் சுரங்கங்கள் இருந்த பகுதிகளிலோ இதற்கு நேர்மாறு. வெறும் மணல், ஊற்றிய நீரும் போட்ட உரமும் அதே நாளில் பாதாளத்துக்குப் போய்விடும். கிள்ளானின் கரையோரக் கடற்களி மூன்றிலும் வளமானது, ஆயினும் தண்ணீர் தேங்கும். அங்கே பாத்தியை முழங்கால் உயரத்துக்கு எழுப்பிக்கொள்ள வேண்டும். எந்த மண்ணானாலும் இத்தனை மழை அதன் சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போவதால் புளிப்பு மிகுந்திருக்கும். மாசியில் மண் காய்ந்து கிடக்கும்போதே, செடிக்கடையில் விற்கும் சுண்ணாம்புக்கல் தூளைச் சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று கைப்பிடி தூவிக் கிளறிவிட்டால், பங்குனி விதைப்புக்கு அது சித்தமாகிவிடும்.

மண்ணின் குணத்தை மாற்றிவிடலாம். மண்ணே இல்லாதவர் என்ன செய்வது என்பதுதான் இந்நகரத்தின் கேள்வி. பழைய கூட்டு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தோட்டத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பயிரிட்டுக்கொள்ள ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று விதித்திருந்தது. ஏட்டிலிருந்த அந்த நிலம் எல்லாத் தோட்டங்களிலும் தொழிலாளியின் கையில் இருந்தது என்று நான் வாதிக்க மாட்டேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: பதினாறில் ஒரு பங்கு என்பது சுமார் 2,700 சதுர அடி. இருபதடிக்கு எழுபதடி என்ற இன்றைய வரிசை வீட்டின் மனை முழுவதுமே 1,400 சதுர அடிதான். அதிலும் வீடும் காரும் போக மிச்சம் ஒரு பாய் விரிக்கும் இடம். அன்றைக்குக் கூலிக்காரனுக்குச் சட்டம் எழுதிவைத்த கொல்லையில், இன்றைக்கு முப்பது வருஷக் கடனில் வாங்கும் வீடு ஏறக்குறைய இரண்டு அடங்கும்.

இந்நாட்டில் வீட்டுத் தோட்டம் நினைவுக்கு வருவதெல்லாம் கஷ்ட காலத்தில்தான். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி மறைந்தபோது, மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் வாசல்வரை வந்து உயிரைக் காத்தன. 1974-இல், உலகமெங்கும் உணவு விலை ஏறியிருந்த சமயத்தில், பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வெறுமையாகக் கிடக்கும் நிலத்திலெல்லாம் காய்கறி போடச் சொன்னார். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டபோது, அது நம் வசந்தத்தின் வாசலாகவும் இருந்தது தற்செயலே. வெங்காயத் தாளையும் பூண்டையும் கண்ணாடிக் குவளையில் முளைக்கவைத்துத் தொடங்கியவர்கள் பலர், சித்திரை மழையில் வெண்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கட்டுப்பாடு நீங்கியவுடன் அவர்களுடைய தொட்டிகள் பெரும்பாலும் காலியாயின என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் 1905-இல் எழுந்த ‘நூறு வீடுகள்’ குடியிருப்பின் கட்டடங்கள் இன்று இல்லை. அவற்றின் வாசற்படியருகே நான் கண்ட துளசியும் கறிவேப்பிலையும் இப்போது அடுக்குமாடிகளின் பலகணியில் தொட்டிகளாகத் தொங்குகின்றன. அங்கிருந்து சிறிது தூரத்தில், பங்சார் குன்றின்மேல், உயரழுத்த மின்கம்பிகள் செல்வதால் கட்டடம் எழுப்ப இயலாத ஒதுக்கு நிலத்தில், இயற்கைக் காட்சியமைப்பாளர் இங் செக் சான் முதலானோர் முன்முயற்சியில் 2017-இல் உருவான கெபுன் கெபுன் பங்சார் என்ற பொதுத் தோட்டம் இருக்கிறது. பலகணித் தோட்டக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய், மரங்களும் பாத்திகளும் மழைக்குப் பின் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டு வந்தால், எந்தப் புத்தகத்தைக் காட்டிலும் பிரயோஜனப்படும்.

வரிசை வீட்டுக்காரர்கள் லோங்காங் என்கிற சாக்கடைக்கு அப்பால், சாலை ஓரமாக உள்ள அந்த இரண்டடிப் பட்டையில் முருங்கைக் கிளையை ஊன்றிவிடுவது வழக்கம். சட்டப்படி அது நகராட்சியின் நிலமாதலால், மரம் கம்பியைத் தொடும் உயரம் வளர்ந்தால் ஒரு நாள் வந்து வெட்டிவிடுவார்கள். ஆகையால் மார்பளவுக்கு மேல் போகாமல் நாமே ஒடித்து ஒடித்துக் கீரையாகப் பயன்படுத்திக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. இந்த ஈரநாட்டில் முருங்கை காயைவிடக் கீரையாகத்தான் தாராளமாகக் கொடுக்கிறது. காய் வேண்டுமானால் அதற்கும் மாசி வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழைக்காலம் தொடங்கிய பிறகு தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். அதில் தேங்கும் ஒரு குவளை நீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து கொசுவாகிப் பறந்துவிடும்; 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுகாதாரத் துறையினர் வீட்டுக்குள் வந்து பார்க்கவும் தண்டம் விதிக்கவும் அதிகாரம் உண்டு, தண்டத்தைவிட டெங்கிக் காய்ச்சலின் வேதனை பெரிது.

இந்த வருஷம் மாசி வறட்சி கொஞ்சம் நீண்டுவிட்டது. பங்குனியின் கடைசி வாரம்வரை மழை இல்லை. குழாய்த் தண்ணீரில் வளர்ந்த வெண்டை நாற்றுகள் இளைத்தே இருந்தன, கீரை இரண்டு முறை முளைத்துக் கருகிவிட்டது. ஆனால் எங்கள் தெருமுனை வீட்டில், வருஷக்கணக்காக வெறும் இலையாகவே நின்றுகொண்டிருந்த வேப்பமரம், கிளை தாழப் பூத்திருந்தது. ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள் விடியற்காலையில் கதவைத் திறந்தபோது, இரவு பெய்த மழையில் சாலை ஈரமாக இருந்தது. பச்சடிக்கென்று ஒரு பிடி வேப்பம்பூவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி யாரோ எங்கள் வாயிற்கதவில் தொங்கவிட்டிருந்தார்கள். மாங்காயைத்தான் கடையில் வாங்க வேண்டியிருந்தது.